ஒட்டன்சத்திரத்தில் கொட்டுகிற தக்காளி மடிப்பாக்கம் வந்து சேருமா?

ஏரிக்கரை (கேள்வி)

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் சேர்ந்து ஓர் உணவு வங்கி நடத்துகிறோம். பெயர்தான் பெரிது. வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் இருந்த பழைய ஜெனரேட்டர் அறைதான் வங்கி. இரும்பு அலமாரி மூன்று, எடை மெஷின் ஒன்று, எலிக்குப் பயந்து வாங்கிய மூடி போட்ட டிரம் ஆறு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை 64 குடும்பங்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். வீட்டு வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத்துக்காரர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள். துவரம்பருப்பு, எண்ணெய், கோதுமை மாவு, புளி, மிளகாய் கொடுக்கிறோம். அட்டை இருப்பவர்களுக்கு ரேஷனில் அரிசி வந்துவிடுவதால், இங்கே அட்டை இல்லாதவர்களுக்கு மட்டும்தான் எங்களிடம் அரிசி.

எங்களிடம் இல்லாதது காய். போன மாதம் ஒரு பாட்டி பையை வாங்கிக்கொண்டு, "பருப்பு குடுத்துட்டீங்க. குழம்புல போட ஒரு காய் குடுக்க மாட்டேங்கிறீங்களே" என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

என் மாமனார் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். மாசியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாலை ஓரமாகத் தக்காளியைக் கொட்டி வைத்திருந்தார்கள். மாடு கூட இரண்டு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கணவரின் சித்தப்பா பையன் அரை ஏக்கர் தக்காளியைப் பறிக்காமலே டிராக்டர் விட்டு உழுதுவிட்டான். அதே வாரம் எங்கள் தெருக் கடையில் தக்காளி கிலோ 25.

லூதியானாவில் இருக்கும் சிஃபெட் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, தக்காளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் அறுவடைக் காலத்திலும் அதற்குப் பிறகும் வீணாகிறது. அந்தப் பன்னிரண்டில் ஒரு துளி எங்கள் ஜெனரேட்டர் அறைக்கு வந்தால் போதும். இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம் இருக்கிறது, நடுவில் 450 கிலோமீட்டர்தான் இடிக்கிறது. யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? என் கணவர் "ஆரம்பிக்காதே" என்கிறார். ஆரம்பிக்கலாமா?

அரைக்கிறுக்கன்

உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள். கோயம்பேடு உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். காலை பத்து மணிக்கு மேல் போனால், விற்காமல் நின்ற காயை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு வரலாம். அதை விட்டுவிட்டு யாராவது 450 கிலோமீட்டருக்கு லாரி பிடிப்பார்களா? தக்காளியை விட டீசல் செலவு அதிகமாக இருக்கும்.

சிட்டைக்கணக்கு

நான் ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி கமிஷன் கடையில் 31 வருடம் கணக்கு எழுதியவன். இப்போது கண் சரியில்லை, பேரன்தான் இதைத் தட்டிக் கொடுக்கிறான். தப்பு இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

கோயம்பேடு யோசனையை நான் மட்டம் தட்ட மாட்டேன். அவசரத்துக்கு அதுதான் வழி. ஆனால் அங்கே மிச்சம் நிற்கும் காய், பறித்து ஒன்றரை நாள் ஆனது. அதை நீங்கள் கொண்டுவந்து, பிரித்து, பையில் போட்டு, அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி அழுகிவிடும்.

ஆரம்பிக்கலாமா என்று கேட்டீர்கள். ஆரம்பிக்கலாம் அம்மா. ஆனால் நாங்கள் ஆரம்பித்த மாதிரி ஆரம்பிக்காதீர்கள்.

ஏழெட்டு வருடம் முன்னால் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. பேர் வேண்டாம். நல்ல பிள்ளைகள், கேமராவோடு வந்தார்கள். "வீணாகப் போகிற தக்காளியைக் கொடுங்கள், ஏழைகளுக்குச் சேர்க்கிறோம்" என்று கேட்டார்கள். எங்கள் முதலாளிக்கு மனசு இளகிவிட்டது. நாலைந்து விவசாயிகளிடம் பேசி, 14 கிலோ பெட்டியில் 210 பெட்டி ஏற்றினோம். கிட்டத்தட்ட மூன்று டன். சாயங்காலம் ஏற்றின வண்டி விடியற்காலையில் சென்னை போய்விட்டது. போனால் அவர்கள் சொன்ன மண்டபம் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேனுக்கு விஷயமே தெரியாது. போன் போட்டால் எல்லோரும் ஆபீசில் இருக்கிறார்கள். டிரைவர் மதியம் இரண்டு மணி வரை பார்த்தான். அவனுக்கு வேறு லோடு காத்திருக்கிறது. நடைபாதையில் வெயிலில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டான். மறுநாள் அக்கம்பக்கத்தார் நாற்றம் என்று புகார் சொல்லி, பெரும்பங்கு குப்பை வண்டியில் போனது. இங்கே கொட்ட வேண்டியதை வாடகை கொடுத்துக் கொண்டுபோய் அங்கே கொட்டினோம், அவ்வளவுதான்.

தக்காளி கூடப் போகட்டும். பெட்டி! 210 பிளாஸ்டிக் பெட்டியில் 90 திரும்பி வரவே இல்லை. பெட்டி என்பது மண்டியின் சொத்து, அது சுற்றிக்கொண்டே இருந்தால்தான் வியாபாரம். இன்ன விவசாயி பேரில் இத்தனை பெட்டி போனது என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். ஓசியில் காய் கொடுத்தவர்கள் பேரில் பெட்டி பாக்கி நிற்கிறது. யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் முதலாளி அதை அடித்து எழுதச் சொன்னார். அதற்கப்புறம் எங்கள் மண்டியில் எது உருப்படாமல் போனாலும் "மெட்ராஸ் தர்மம்" என்று ஒரு கேலி வந்துவிட்டது.

இதில் யார் மேல் தப்பு என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் மேல் பாதிதான். மீதிப் பாதி எங்கள் மேல். வந்த காயை யார் இறக்குவது என்று அவர்கள் யோசிக்கவில்லை, யார் இறக்குவார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. விலை இறங்கும்போது தக்காளியை ஏன் பறிக்காமல் விடுகிறார்கள்? பறிக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். பெட்டிக்குப் பறிகூலி 25, தோட்டத்திலிருந்து மண்டிக்கு வண்டி 15, ஏற்றி இறக்க 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 ரூபாய் ஆயிற்று. பெட்டி 50க்கு ஏலம் போனால், கமிஷன் பத்து சதவீதம் கழித்துப் பார்த்தால் சரியாகக் கைக்கும் வாய்க்கும். 40க்குப் போனால் பறித்ததே நஷ்டம். உங்கள் கணவரின் சித்தப்பா பையன் உழுதது கோபத்தில் அல்ல, கணக்கில்.

அந்த ஆளிடம் போய் "சும்மா கொடு" என்றால் என்ன அர்த்தம்? "உன் கைக்காசைப் போட்டுப் பறித்துக் கொடு" என்று அர்த்தம். காயை அவன் சும்மா தருவான், மனசார தருவான். பறிகூலி சும்மா வராது. ஆகவே அந்த 45 ரூபாயை நீங்கள் கொடுங்கள். சென்னை லாரிக்குப் பெட்டிக்கு ஒரு 40. மொத்தம் 85. பதினாலு கிலோவுக்கு 85 என்றால் கிலோ ஆறு ரூபாய் சொச்சம். (இந்த ரேட்டெல்லாம் நான் வேலையை விட்ட சமயத்தது. இன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.) உங்கள் தெருக் கடையில் 25. டீசல் அதிகம் என்ற தம்பிக்கு இதுதான் பதில்.

தனி வண்டி பிடித்தால் அந்தத் தம்பி சொன்னதுதான் நடக்கும், குட்டியானை வாடகையிலேயே நீங்கள் முழுகிவிடுவீர்கள். இங்கிருந்து அதிகம் போவது கேரளாவுக்கு. ஆனாலும் கோயம்பேட்டுக்கும் லோடு போகிறது. அதில் 40 பெட்டி சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். கோயம்பேட்டில் நீங்கள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். விடிகாலை மூன்று நான்கு மணிக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று. தக்காளியை மறந்துவிடுங்கள். பேப்பரில் படம் போடத்தான் தக்காளி. 15 நாளைக்கு ஒரு முறை திறக்கும் அறைக்கு ஏற்றது மஞ்சள் பூசணி. எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்றும் சொல்வார்கள், நீங்கள் பரங்கி என்பீர்கள். முற்றின காய் என்றால் மாதக்கணக்கில் கிடக்கும். அப்புறம் சேனை. அப்புறம் பொடி வெங்காயம், அதாவது சின்ன வெங்காயத்தில் மிகச் சின்னது. உரிக்கச் சோம்பல்பட்டு யாரும் வாங்க மாட்டார்கள், ருசி அதில்தான். கோணல் முருங்கைக்காய் மூன்று நாள் தாங்கும். வெண்டைக்காயைக் கனவிலும் கேட்காதீர்கள்.

ஏரிக்கரை

ஐயா, பேரனுக்கும் சேர்த்து நன்றி. உங்கள் பதிலை நேற்று சங்கக் கூட்டத்தில் முழுதாகப் படித்துக் காட்டினேன். "மெட்ராஸ் தர்மம்" வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள், பெட்டிக் கணக்கு வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

விடிகாலை நான்கு மணிக்கு ஆள் கிடைத்துவிட்டார். எங்கள் இரண்டாவது பிளாக்கில் கால்டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர், அந்த நேரத்தில் எப்படியும் விழித்திருப்பவர். அவருடைய நண்பரிடம் குட்டியானை இருக்கிறது.

எனக்கு இரண்டு சந்தேகம். எந்த மாதத்தில் கேட்டால் எளிது? அப்புறம், விவசாயிகள் எங்களை நம்ப என்ன செய்ய வேண்டும்? மாமனார் பேரைச் சொல்லி வாங்கிவிடலாம்தான், ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் தலை உருளும்.

நெய்வேலிக்காரி

நடுவில் புகுந்து பேசுகிறேன், மன்னிக்கவும். நான் நெய்வேலியில் இருக்கிறேன், பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். வடலூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம்.

உணவு வங்கி என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் மாதிரி எல்லோரும் பேசுவதால் சொல்கிறேன். அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் முதல் உணவு வங்கியைத் தொடங்கியது 1967இல். அவரும் முதலில் செய்தது, மரத்தில் மிஞ்சி நின்ற ஆரஞ்சு வகைப் பழங்களைப் பறித்துக்கொண்டு வந்து ஏழைகளுக்குச் சமைக்கும் இடத்தில் கொடுத்ததுதான். வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கியது 1867 மே 23. சரியாக நூறு வருடம் முன்னால். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் கிராமத்து மக்கள், 80 காணி என்று சொல்வார்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை.

எங்கள் வீட்டில் அறுப்பு முடிந்தால் முதல் மூட்டை விற்பனைக்குப் போகாது. அப்பா அதைத் தனியாக, வாய் தைத்து, திண்ணையில் வைத்துவிடுவார். தைப்பூசத்துக்கு முன்னால் மாட்டு வண்டியில், பிற்பாடு டிவிஎஸ் 50இல் தருமசாலைக்குப் போகும். அதே நாளில் சென்னையிலிருந்து என் பெரியம்மா வீட்டுக்காரர்கள் எண்ணெய் டின்னும் பருப்பும் கொண்டுவருவார்கள். நெல் எங்களிடம் இருந்தது, ரொக்கம் அவர்களிடம் இருந்தது. யாரும் கூட்டம் போட்டுப் பேசியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. தருமசாலைக்கு யார், எப்போது, எதைக் கொண்டுபோனாலும் செல்லும், ஏனென்றால் அங்கே தினமும் உலை கொதிக்கிறது. நீங்கள் மாதம் இரண்டு நாள்தான் திறக்கிறீர்கள். பெரியவர் சொன்ன 210 பெட்டியில் இடித்தது அதுதான் என்று தோன்றுகிறது. உங்கள் பக்கத்தில் தினமும் சமைக்கிற இடம் ஒன்றிரண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் இல்லம், விடுதி, கோவில் அன்னதானம், குருத்வாரா, எதுவானாலும் சரி. அழுகத் தொடங்கும் காயை அன்றைக்கே அங்கே தள்ளிவிடலாம். நல்லதை மட்டும் உங்கள் அறையில் வையுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. 2011 டிசம்பர் 30, தானே புயல். முந்திரி, பலா எல்லாம் ஒரே காலையில் படுத்துவிட்டன. அதற்கடுத்த வாரம் வெளியூர் லாரிகள் அரிசியோடு எங்கள் ஊருக்கு வந்தன. வருடா வருடம் மூட்டை தைத்துக் கொடுத்த என் அப்பா வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வரிசையில் நிற்க என்னைத்தான் அனுப்பினார். லாரியில் நின்ற பெண் பையைக் கொடுத்துவிட்டு, "உங்க ஊரு பலாப்பழம் நெறைய சாப்ட்ருக்கோம்" என்றாள். நான் அதை வீட்டில் வந்து சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அந்த அரிசியில்தான் சாப்பிட்டார். கிராமம் கொடுக்கும், நகரம் வாங்கும் என்று ஒரே பக்கமாக எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய இன்ஸ்பெக்டர்

உணவுப் பாதுகாப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாக.

பச்சைக் காயைப் பிரித்துக் கொடுப்பதில் சிக்கல் குறைவு. சமைத்த உணவில் இறங்கினால் கதை வேறு. மிகையுணவைத் திரட்டி வழங்குவதற்கென்றே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. பதிவு செய்ய வேண்டும், யாரிடம் வாங்கினோம், எங்கே கொடுத்தோம் என்று ஏடு வைக்க வேண்டும். கோவையில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்றவர்கள் கல்யாண மண்டபச் சாப்பாட்டைக் கையாண்டு பழகியவர்கள். அந்தப் பக்கம் போவதானால் அவர்களைப் போன்றவர்களிடம் முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

யாராவது உற்சாகத்தில் "தக்காளித் தொக்கு போட்டு பாட்டிலில் அடைப்போம்" என்பார்கள். அடைத்துவிட்டால் அது தயாரிப்பு, லேபிள் எல்லாம் கேட்பார்கள். இப்போதைக்கு வேண்டாம்.

எடுத்த எடுப்பில் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, காய், வந்த எடை, கழிவு எடை, கொடுத்த எடை. நாளைக்கு எந்த அதிகாரி வந்தாலும் அது பேசும்.

சிட்டைக்கணக்கு

நோட்டு விஷயத்தில் இன்ஸ்பெக்டர் ஐயாவும் நானும் ஒரே சாதி.

எந்த மாதம் என்று கேட்டீர்கள். காய் விலை கல்யாணத்தோடு போகும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் பந்தி இருக்காது, காய் தேங்கும். அப்போது கேளுங்கள். ஓணத்துக்கு முந்தின பத்து நாள் எங்கள் பக்கமே திரும்பாதீர்கள். கேரளாக்காரர்கள் வந்து நிற்பார்கள், நல்ல விலை, லோடுமேனுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அப்போது போய் ஓசியில் பூசணி கேட்டால் நல்லவன் கூட எரிந்து விழுவான். வெண்பூசணி வேண்டுமென்றால் ஆயுத பூஜைக்கு மறுநாள். முந்தின நாள் திருஷ்டி கழிக்கப் போட்டி போட்டு வாங்கியதை மறுநாள் கேட்பாரில்லை.

நம்பிக்கைக்கு வருகிறேன். விவசாயிக்கு இரண்டு பயம். ஓசியில் கொடுத்த காய் பின்வாசல் வழியாகக் கடைக்குப் போய் அவனுடைய விலையையே அடித்துவிடுமோ என்பது ஒன்று. அதற்குத்தான் நோட்டு. உங்கள் நோட்டின் பக்கத்தைப் படம் பிடித்து, வண்டி வந்த அன்றே அவனுக்கு அனுப்புங்கள். எத்தனை வந்தது, எத்தனை அழுகியது, எத்தனை குடும்பம் வாங்கியது. அழுகியதை மறைக்காதீர்கள். அவன் தக்காளி அழுகுவது அவனுக்குத் தெரியும். எதுவுமே அழுகவில்லை என்று எழுதினால் உங்களைத்தான் சந்தேகப்படுவான்.

இரண்டாவது பயம், நீங்கள் இரண்டு முறை வந்துவிட்டு மூன்றாவது முறை வரமாட்டீர்கள் என்பது. பயம் கூட இல்லை, அவன் கண்ட அனுபவம். இன்ன கிழமை, இத்தனை பெட்டி, வருடம் பூராவும் என்று சின்னதாகச் சொல்லுங்கள். தாம்பரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு எங்கள் கடையிலிருந்து ஆறு வருடமாக மாதம் இரண்டு புதன்கிழமை காய் போகிறது. அந்த அம்மாள் ஒரு நாளும் "நிறையக் கொடுங்கள்" என்று கேட்டதில்லை. விலை ஏறிக் கிடக்கும் மாதத்திலும், "பத்து பெட்டிதான் முடியுமா, சரி, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்" என்பார். அவருடைய பேரை ஏட்டில் எழுதும்போது நான் முழுப் பேரும் எழுதுவேன். மற்றவர்களுக்கு இனிஷியல்தான்.

நெய்வேலி அம்மா எழுதியதைப் பேரன் இரண்டு முறை படித்துக் காட்டினான். அதிலிருந்துதான் இது தோன்றியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கடலை பிடுங்கின காட்டில் தப்புக்கடலை பொறுக்கப் போவோம். காட்டுக்காரர் திட்ட மாட்டார். மண்ணுக்குள் தங்கியது பொறுக்குகிறவர்களுக்கு என்பது எழுதாத சட்டம். களத்தில் நெல் தூற்றி முடித்தால் வண்ணாருக்கும் ஆசாரிக்கும் அளந்து போட்ட பிறகுதான் மூட்டை கட்டுவார்கள். (அதில் அளக்கிறவன் வைத்ததுதான் அளவு, வாங்குகிறவன் வாய் திறக்க முடியாது. பழசு எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை.) இப்போது அதெல்லாம் போய்விட்டது.

உங்கள் 64 குடும்பத்துக்குப் பூசணி பறிக்கப் போகிற பெண்கள் யார்? நிலம் இல்லாதவர்கள். சித்திரை, வைகாசியில் கிணறு வற்றினால் அவர்களுக்கு வேலை கிடையாது. அரிசி ரேஷனில் வந்துவிடும். காய், பொறுக்கினால் கிடைக்கும். பருப்பும் எண்ணெயும்தான் இருக்காது. உங்களிடம் இருப்பது அதுதானே. பெட்டி எப்படியும் திரும்பி வர வேண்டும், வருகிற வண்டியில் பாதி இடம் சும்மாதான் கிடக்கும். பெட்டிக்குள் பத்து வீட்டுக்குப் பருப்பு, எண்ணெய் வைத்து அனுப்புங்கள். தர்மம் என்று கொடுக்காதீர்கள், பறித்தவர்களுக்கு உங்கள் வங்கியில் கணக்கு இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். அப்புறம் யாரும் உழமாட்டார்கள், போனில் உங்களையே கூப்பிடுவார்கள்.

அரைக்கிறுக்கன்

சரி, ஆறு ரூபாய் கணக்கு எனக்குத் தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். மடிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கீழ்க்கட்டளையில்தான் இருக்கிறேன். பிரிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறேன். நான்கு மணிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

ஏரிக்கரை (மூன்று மாதம் கழித்து)

இந்த இழையை யாராவது இன்னும் பார்க்கிறீர்களா தெரியவில்லை. ஆடி இரண்டாம் வாரம் முதல் லோடு வந்தது. 40 பெட்டி சொன்னோம், 40 வந்தது. மஞ்சள் பூசணி, சேனை, பொடி வெங்காயம், ஆசைக்கு ஆறு பெட்டி தக்காளி. அது மாமனாருடைய அன்பு, ஐயா சொன்னதையும் மீறி ஏற்றிவிட்டார்.

தக்காளி ஆறு பெட்டியில் ஒன்றரைப் பெட்டி நசுங்கியது. நெய்வேலி அக்கா சொன்னபடி வேளச்சேரி பக்கம் ஒரு விடுதியில் பேசி வைத்திருந்தோம், காலை ஏழு மணிக்கே அங்கே போய் மதியம் ரசமாகிவிட்டது. நோட்டில் கழிவு என்று 9 கிலோ எழுதியிருக்கிறேன். மறைக்கவில்லை.

எதிர்பாராத தொல்லை பூசணியில் வந்தது. ஒவ்வொன்றும் ஐந்து ஆறு கிலோ. ஒரு குடும்பத்துக்கு முழுசாகக் கொடுக்க முடியாது, வெட்டினால் வைத்திருக்க முடியாது. அரைக்கிறுக்கன் அண்ணா வெட்டுக்கத்தியோடு வந்து, வருகிறவர்கள் கண் முன்னாலேயே கீற்றுப் போட்டுக் கொடுத்தார். அதுவே ஒரு வேடிக்கையாகி வரிசை நீண்டுவிட்டது. பீகாரிலிருந்து வந்த பெண் ஒருத்தி பூசணிப் பூ இருக்கிறதா, அதை மாவில் தோய்த்துப் பொரிப்போம் என்று கேட்டாள். பூவெல்லாம் ஒட்டன்சத்திரத்திலேயே உதிர்ந்து போயிருக்கும் என்றேன், வருத்தப்பட்டாள். அந்தப் பாட்டி வந்தார். பையைத் திறந்து பார்த்துவிட்டு, "பரங்கிக்காயா? எனக்கு வாயு" என்றார். சேனையை வாங்கிக்கொண்டார்.

ஊரில் பறித்தவர்கள் பதினோரு பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பேர்ப் பட்டியலும் உள்ளே இருக்கிறது. அடுத்த லோடு ஆவணியில் வரும் புதன்கிழமை.

ஐயா, ஓணம் கிட்டத்தில் வருகிறது என்று தெரியும். பத்து பெட்டி போதும், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.

சிட்டைக்கணக்கு

பேரன் பரீட்சைக்குப் படிக்கிறான், மருமகள் தட்டித் தருகிறாள்.

பருப்பும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. பதினோரு பேரும் வாங்கிக்கொண்டார்கள், கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் மாமனாரைத் தக்காளிக்காக நானும் திட்டிவிட்டேன். பூவைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், ஆண் பூவாகப் பறித்தால் காய்ப்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் 450 கிலோமீட்டர் தாங்காது. உங்கள் மொட்டை மாடியில் ஒரு விதை போட்டுவிடச் சொல்லுங்கள்.

புதன்கிழமை பத்து பெட்டி எழுதிக்கொண்டேன்.

பெட்டி 38 தான் வந்திருக்கிறது. ஜெனரேட்டர் அறையில் அலமாரிக்குப் பின்னால் பாருங்கள்.